இடப்பக்கக் கதவு

கதவு மூடுவதற்காக ஏற்பட்டதா, திறப்பதற்காக ஏற்பட்டதா என்னும் பொருளில் எங்களுள் மூத்தவர் பள்ளிப் பருவத்தில் பட்டிமன்றம் ஏறியதுண்டு. நடுவராக இருந்த தமிழாசிரியர் இரண்டுக்கும்தான் என்று தீர்ப்புக் கூறி, இரு கட்சியாருக்கும் ஒரே எண்ணிக்கையில் மிட்டாய் வழங்கி அனுப்பிவிட்டார். அன்று அத்தீர்ப்புச் சப்பென்று இருந்தது. அதன் அருமை விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின. விளக்கியது ஒரு பழைய காரின் பின்பக்க இடக் கதவு.

இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று எழுதுவது பெருமை கருதி அன்று. இதில் கூறப்படும் பிழை ஒருவர் செய்ததன்று. கணவன், மனைவி, கல்லூரியில் பயிலும் மகன் ஆகிய மூவரும் சேர்ந்து செய்தது. வீட்டில் நான்காமவர் ஒருவர் உண்டு. அவர் எங்கள் அன்னையார். அவர் அப்பிழையில் பங்கு கொண்டவர் அல்லர், அதனைச் சுமந்தவர்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வாழும் எழுத்தர் குடும்பம் எங்களுடையது. எங்கள் கார் 2012 ஆம் ஆண்டில் பதிவான பெட்ரோல் வண்டி. அதனை 2019-இல் வேறொருவரிடமிருந்து வாங்கினோம். செய்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. இக்கதையில் அதன்மீது குற்றம் ஏதுமில்லை. முன்பக்கக் கண்ணாடிகள் மின்சாரத்தால் இறங்கும். பின்பக்கக் கண்ணாடிகளைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். முந்தைய உடைமையாளர் நான்கு கதவுகளுக்கும் மின்பூட்டுப் பொருத்தி வைத்திருந்தார். ஓட்டுநர் கதவின் குமிழை அழுத்தினால் மற்ற மூன்று கதவுகளும் ‘டக்’ என்று ஒருங்கே பூட்டிக்கொள்ளும். வாங்கிய புதிதில் அந்த ஒலியைக் கேட்பதற்கென்றே இரண்டு முறை பூட்டித் திறந்து மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் பாக்கார்டு என்னும் உயர்வகைக் காரில் 1956-லேயே மின்பூட்டு வந்துவிட்டது. நம் நாட்டில் நாம் கண்டு வளர்ந்த அம்பாசிடருக்கு அந்த வழக்கமில்லை. கதவுதோறும் கையை நீட்டிக் குமிழை அழுத்த வேண்டும். 2014-இல் உற்பத்தி நின்ற அந்த வண்டியில் பெரிய அதிகாரிகள் பயணம் செய்தபோதும் பூட்டைக் கைதான் பூட்டியது. கை பூட்டும்போது ஒரு நன்மை உண்டு. பூட்டு இறுகினால் கைக்குத் தெரிந்துவிடும். மோட்டார் பூட்டும்போது நமக்குத் தெரிவது ஒலி மட்டுமே. அந்த ஒலிக்கும் செவி கொடுக்க வேண்டும்.

நாங்கள் கொடுக்கவில்லை. 2023 கார்த்திகை மாதத்திலேயே பின்பக்க இடக் கதவிலிருந்து ‘டக்’ என்பதற்குப் பதில் ‘கர்ர்’ என்றோர் இழுவை ஒலி வரத் தொடங்கிற்று. குளிர் என்று நினைத்தோம். 2024 சனவரியில், எதிரில் வரும் ஆள் தெரியாத பனிமூட்டத்துக் காலை ஒன்றில் அவ்வொலியும் நின்றது. கதவு பூட்டியது பூட்டியபடியே நின்றுவிட்டது. குமிழைக் கையால் தூக்கினாலும் எழவில்லை. உள்கைப்பிடியை இழுத்தாலும் வெளிக்கைப்பிடியை இழுத்தாலும் அசையவில்லை.

அருகிலிருந்த பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினோம். கதவு மூடியபடியே சிக்கிக்கொண்டால் உள்தகட்டைக் கழற்றுவது பெரும்பாடு என்றும், பழைய கதவொன்று வாங்கி முழுமையாக மாற்றிவிடலாம் என்றும், எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்றும் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அக்கணக்கின்படி எங்கள் வண்டிக்கு 2027 வரைதான் ஆயுள். மூன்றாண்டு ஓடப்போகும் வண்டிக்கு ஆறாயிரமா? இருப்பவை நான்கு கதவுகள், மூன்று திறக்கின்றன, போதாதா? இவ்வாறு முடிவு செய்து கோப்பை மூடினோம். அலுவலகத்தில் கற்ற பழக்கம் வீட்டிலும் உதவியது.

அந்த நான்காம் கதவு யாருடைய கதவு என்று எங்களுள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் அன்னையாருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. குடமுருட்டி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் அறுபது ஆண்டுக் காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். தந்தையார் மறைந்தபின் 2016-இல் எங்களோடு தில்லிக்கு வந்தார். இந்தியில் அவர் அறிந்தது ‘பையா’ என்னும் ஒரு சொல். காய்கறி வண்டிக்காரரையும் அஞ்சல்காரரையும் மருத்துவரையும் அதனாலேயே அழைப்பார். வெள்ளிக்கிழமை மாலை மலை மந்திரத்துக்கு அழைத்துச் செல்வோம். படியேற முழங்கால் இடங்கொடாது; கீழே அமர்ந்து, வருவோர் போவோரின் தமிழைக் கேட்டுக்கொண்டிருப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கூட்டம். ஏழு நாளில் அவர் எங்களையன்றிப் பிறரோடு தம் மொழியில் பேசிய பொழுது அவ்வளவே. அங்கெல்லாம் அவரைக் கொண்டு சேர்த்தது அந்தக் கார். அதில் அவர் ஏறி இறங்கியது பின்பக்க இடக் கதவு. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால் நடைபாதை அந்தப் பக்கத்தில்தான் வரும். வலக் கதவைத் திறந்தால் ஓடுகின்ற சாலையில் இறங்க வேண்டும்.

கதவு சிக்கிய பிறகு இரண்டு வெள்ளிக்கிழமைகளில் அவர் வலக் கதவு வழியாக ஏறி, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து தம் இடத்துக்குச் சென்றார். இறங்கும்போதும் அவ்வாறே. மூன்றாம் வெள்ளிக்கிழமை, “முழங்கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க” என்றார். அதற்கடுத்த வாரம் தொலைக்காட்சியில் ஏதோ தொடர் என்றார். பங்குனியில் வெயில் என்றார். நாங்களும் நம்பினோம், நம்புவது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. “அம்மாவுக்கு வரவர வெளியே போக விருப்பமே இல்லை, வயதாகிறதல்லவா” என்று நண்பர்களிடம் கூறினோம். சங்கத்தில் அவரை விசாரித்தவர்களுக்கும் அதே விடை. நான்கு மாதங்கள் இவ்வாறு சென்றன.

2024 மே மாதக் கடைசி வாரத்தை வடநாட்டில் இருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தில்லியில் வெப்பம் 45 பாகையைத் தாண்டி எரித்தது. அந்த வாரத்தில் ஒரு பிற்பகல் அன்னையார் அடுக்களை வாயிலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். கண் செருகியது; சொல் குழறியது. மகன் அவரைத் தூக்கி வந்து வலக் கதவு வழியாகக் காரில் கிடத்தினான். மருத்துவமனை வாயிலில் பணியாளர் இருவர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்து, வழக்கப்படி இடப்பக்கம் நின்று கைப்பிடியை இழுத்தனர். திறக்கவில்லை. மீண்டும் இழுத்தனர். “திறக்காது, அந்தப் பக்கம் வாருங்கள்” என்று நாங்கள் கத்தினோம். அந்தப் பக்கம் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. பின்னால் நின்ற ஆம்புலன்ஸ் ஒலியெழுப்பியது. நாற்காலியைச் சுற்றிக் கொண்டுவந்து, அவரைக் கக்கத்தில் கைகொடுத்து இருக்கையின் நீளத்துக்கும் இழுத்து வெளியே எடுப்பதற்குள் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மூன்று நிமிடம் எவ்வளவு நீளமானது என்று அன்று கண்டோம்.

உடலில் நீர் வற்றிய மயக்கம் என்றார் மருத்துவர். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினோம். அன்றிரவு எங்கள் மூவருக்குள் பேச்சே இல்லை. கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மூவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விளங்கியது. எங்களுள் மூத்தவர் திருப்புளியோடு கீழே இறங்கியபோது, மகன் அங்கே முன்னதாகவே கைவிளக்கோடு நின்றிருந்தான். வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு அன்னையார் அமர்ந்திருந்தார். வேண்டாமென்றும் கேட்கவில்லை.

எந்தப் பழுதையும் திருத்துமுன் அது எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். நான்கு கதவுகளும் ஒருசேர நின்றிருந்தால் ஃபியூஸையோ, பூட்டுகளை ஆளும் பெட்டியையோ ஐயுறலாம். எங்களுக்கு நின்றது ஒரு கதவு. ஆகவே பழுது அக்கதவுக்குள்தான். பின்கதவின் விளிம்பில் குழந்தைகளுக்கான பாதுகாப்புத் தாழ் ஒன்று உண்டு. அது விழுந்திருந்தால் உள்கைப்பிடி மட்டும் வேலை செய்யாது, வெளிக்கைப்பிடி திறக்கும். இங்கே இரண்டும் திறக்கவில்லை. ஆகவே அதுவும் காரணமன்று. எஞ்சியவை மூன்று: மின்கம்பி, மோட்டார், கொக்கி.

மூடிய கதவின் உள்தகட்டை வண்டிக்குள் அமர்ந்தபடியே கழற்ற வேண்டியிருந்தது. முன்னிருக்கையை முன்னே தள்ளினோம். பின்னிருக்கையின் மெத்தையைத் தூக்கி வெளியே எடுத்தோம். அப்போதுதான் தகட்டின் அடிப்பகுதிக்குக் கை எட்டும். கைதாங்கியில் மறைந்திருந்த இரு திருகுகளைக் கழற்றினோம். கண்ணாடி சுற்றும் கைப்பிடியில் திருகே இல்லை; அதன் பின்புறம் குதிரை லாடம் போன்ற சிறு கம்பி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க ஒரு வழி உண்டு. பழந்துணி ஒன்றைக் கைப்பிடிக்கும் தகட்டுக்கும் இடையே செருகி, இரு முனைகளையும் பிடித்து, வாள் அறுப்பதுபோல் மாறிமாறி இழுத்தால் துணி அக்கம்பியைக் கவ்வி வெளியே தள்ளிவிடும். தள்ளியது, துள்ளிக் காணாமற்போகாமலிருக்க மகன் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தான். தகட்டின் ஓரமெங்கும் பிளாஸ்டிக் பொத்தான்கள். அவற்றை நெம்புவதற்கு இல்லத்தரசியார் தாமே ஒரு கருவி கொண்டு வந்தார். துணி சுற்றிய தோசைத் திருப்பி! வேறொரு நாளாக இருந்தால் அதைத் தொட்டதற்கே பெரும் பூசல் விளைந்திருக்கும்.

தகட்டின் பின்னே மழைநீர் உள்ளே புகாமல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதைக் கிழிக்காமல் உரித்தால் கதவின் உள்ளுறுப்புகள் தெரிந்தன. இங்கே வாசகர்க்கு ஓர் எச்சரிக்கை: உள்ளிருக்கும் இரும்புத் தகட்டின் விளிம்பு கத்தி போன்றது. கையுறை அணியாத விரல் அன்று அதற்கு விலை கொடுத்தது.

மின்பூட்டின் அமைப்பு மிக எளியது. ஒரு சிறு மோட்டார் பிளாஸ்டிக் பற்சக்கரங்களைச் சுற்றுகிறது. அவை ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. தண்டு ஒரு கம்பியின் வழியாகக் கொக்கியின் பூட்டு நெம்புகோலை அசைக்கிறது. மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும். திசை மாறிப் பாய்ந்தால் திறக்கும். ஆதலால் அந்த மோட்டாருக்கு இரண்டே மின்கம்பிகள். ஓட்டுநர் கதவின் மோட்டாருக்கு மட்டும் ஐந்து; ஏனெனில் அது தான் அசைவதோடு மற்றவற்றுக்கு ஆணையும் இட வேண்டும். எங்கள் அலுவலக மொழியில் கூறுவதானால் ஓட்டுநர் கதவு பிரிவு அதிகாரி. ஏனைய மூன்றும் எழுத்தர்கள்.

மின்கம்பிகளின் முனையில் 12 வோல்ட்டு விளக்கு ஒன்றை இணைத்துவிட்டு ஓட்டுநர் கதவின் குமிழை அழுத்தினோம். விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தது. ஆணை வருகிறது, கம்பியில் குற்றமில்லை. கதவின் கீல் அருகே ரப்பர் உறைக்குள் மடங்கி மடங்கி மின்கம்பி அறுந்துபோவது பழைய வண்டிகளில் மிகுதி. எங்களுக்கு அது நேரவில்லை. ஆகவே மோட்டார்தான். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரைப் பிடித்திருந்த இரு திருகுகளையும் நீக்கி அதைப் பிரித்தெடுத்தோம். மூடியைத் திறந்து பார்த்தால், பற்சக்கரம் ஒன்றில் ஐந்து பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன.

மோட்டார் நீங்கியதும் குமிழ் கைக்கு அசைந்து எழுந்தது. கதவு திறந்துவிடும் என்று கைப்பிடியை இழுத்தோம். திறக்கவில்லை. கொக்கியின்மேல் துருவை இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். மீண்டும் இழுத்தோம். வெளியிலிருந்து மகன் கதவைத் தன் பக்கம் இழுக்க, உள்ளிருந்து தந்தை கைப்பிடியை இழுக்க, இருவருக்கும் வியர்த்ததே மிச்சம்.

அதுவரை வாய் திறவாதிருந்த அன்னையார் நாற்காலியிலிருந்து கூறினார்:

“ஏண்டா, கதவை இழுத்துக்கிட்டே தாழை எடுத்தா எப்படி வரும்? ஐப்பசியில நம்ம கொல்லைக் கதவு ஊறிப் போனா என்ன செய்வோம்? தோளைக் கொடுத்து உள்ளார அமுக்கிப் பிடிச்சுக்கிட்டில்ல தாழை நீக்குவோம்?”

மகன் அவரைத் திரும்பிப் பார்த்தான். “அப்பாயி, இது கார்க் கதவு” என்றான்.

“எல்லாம் கதவுதான். அமுக்கு.”

அவன் தோளைக் கொடுத்து அழுத்தினான். உள்ளே கைப்பிடி இழுக்கப்பட்டது. ‘டக்’.

நான்கு மாதங்களுக்குப் பின் அக்கதவு திறந்தது. அன்னையார் கூறியதில் மந்திரம் ஏதுமில்லை. மூடிய கதவைச் சுற்றியுள்ள ரப்பர் அதனை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுமை முழுவதையும் கொக்கி தாங்கி நிற்கிறது. சுமையோடிருக்கும் கொக்கி, அழுக்கேறியும் இருந்தால், விடுவிக்கும் நெம்புகோலுக்கு இணங்குவதில்லை. கதவை உள்நோக்கி அழுத்தினால் சுமை நீங்குகிறது. கொக்கி எளிதாக நழுவுகிறது. பி.ஏ. பட்டமும் பொறியியல் மூன்றாமாண்டும் காணாததை, ஐப்பசி மழையில் ஊறிய பலாமரக் கதவு ஒன்று எழுபது ஆண்டுக்கு முன்பே அவருக்குக் கற்பித்திருந்தது.

கதவு திறந்தபின் விளிம்பிலிருந்த மூன்று திருகுகளைக் கழற்றிக் கொக்கியை வெளியே எடுத்தோம். அதில் இட்டிருந்த கிரீஸ் தில்லியின் புழுதியோடு சேர்ந்து, காய்ந்த புளிபோல் கறுத்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிதாதலால் டீசலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். நோயின் மூலம் அப்போதுதான் புலப்பட்டது. மோட்டாரில் குற்றமில்லை. அது ஒரு சிறு நெம்புகோலை அசைப்பதற்காக ஏற்பட்டது. நெம்புகோல் இறுக இறுக, அது தன் ஆற்றலுக்கு மிஞ்சி நாள்தோறும் தள்ளிக்கொண்டிருந்தது. ‘கர்ர்’ என்ற அந்த ஒலி அதன் முறையீடு. கேட்பாரில்லாததால் ஒரு நாள் பல் தேய்ந்து மௌனமாயிற்று. புதிய மோட்டாரை மட்டும் பொருத்திவிட்டுக் கொக்கியைத் துலக்காமல் விட்டிருந்தால், அடுத்த குளிர்காலத்துக்குள் அதன் பற்களும் தேய்ந்திருக்கும்.

அன்று பிற்பகலே மெட்ரோ ஏறிக் காஷ்மீரி கேட் சந்தைக்குச் சென்றோம். தில்லியில் வண்டி உறுப்புகளுக்கு அதுவே தலைமைச் சந்தை. இரண்டு கம்பி மோட்டார் 250 ரூபாய். கிரீஸ் டப்பா 80. எண்ணெய்க் குப்பி 180. ஆக, ஆறாயிரம் என்று அஞ்சி நான்கு மாதம் மூடி வைத்த செலவு 510 ரூபாயில் முடிந்தது.

ஞாயிறு காலை யாவற்றையும் பொருத்தினோம். கதவைச் சாத்தப்போன தந்தையின் கையை மகன் பிடித்துக்கொண்டான். “சாத்தாதீங்க. முதல்ல சோதிச்சுப் பார்ப்போம்” என்றான். இது இன்றியமையாத படி. கதவு திறந்திருக்கும்போதே திருப்புளியின் தண்டால் கொக்கியை அழுத்தி மூட வேண்டும். பிறகு பூட்டித் திறந்து, உள்கைப்பிடியையும் வெளிக்கைப்பிடியையும் இழுத்துக் கொக்கி விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். விடுபடாவிட்டால் கையிலேயே சரிசெய்யலாம். அவ்வாறு பாராமல் சாத்திவிட்டால் மீண்டும் தோசைத் திருப்பியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மும்முறை சோதித்தோம். மும்முறையும் விடுபட்டது. அதன்பின் சாத்தினோம். ஓட்டுநர் கதவின் குமிழை அழுத்தினோம். நான்கும் ஒரே குரலாக ‘டக்’ என்றன.

கை கழுவிக்கொண்டிருக்கையில் மகன், “அப்பாயி, வர்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாறீங்களா?” என்று கேட்டான். எப்போதும்போல் முழங்காலைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

“என் பக்கத்துக் கதவு தொறக்குமா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எங்கள் மூவருக்கும் நா எழவில்லை. நான்கு மாதமாக அவர் சொன்ன முழங்கால், தொடர், வெயில் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னே இருந்தது இந்தக் கதவு. மெல்லக் கேட்டபோது ஒன்று சொன்னார். இரண்டாம் வெள்ளிக்கிழமை வலப்பக்கம் இறங்குகையில் சேலைத் தலைப்பு இருக்கையில் சிக்கிக்கொண்டதாம். உரசுமாறு வந்த ஸ்கூட்டர்க்காரன் ஏதோ கத்தினானாம். “அவன் என்ன சொன்னான்னு புரியலை. திட்டுறான்னு மட்டும் புரிஞ்சுது. நம்மளால உங்களுக்கு ஏன் பேச்சுன்னு இருந்துட்டேன்” என்றார். நாங்கள் அப்போது அவருக்கு முன்னே நடந்து போய்க்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

தமிழில் ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் இரு சொற்கள் உள்ளன. கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்வது முன்னது. சேர்த்துக்கொண்டு சொல்வது பின்னது. பள்ளியில் இலக்கணமாகப் படித்தது. “நாங்கள் கோயிலுக்குப் போய் வருகிறோம், அம்மா” என்று நான்கு மாதம் வாரந்தோறும் சொல்லிப் புறப்பட்டபோது அவ்விலக்கணம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கே அவர் புறப்பட்டு அமர்ந்துவிட்டார். மலை மந்திரத்து வாயிலில் நடைபாதை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். இறங்கி வந்து திறந்துவிட மகன் ஓடினான். அவர் உள்ளிருந்து கையை அசைத்து அவனைத் தடுத்தார். தாமே குமிழைத் தூக்கினார். தாமே கைப்பிடியை இழுத்தார். கதவைத் திறந்துகொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பிறகு மறு காலையும் ஊன்றி, நடைபாதையில் எழுந்து நின்றார். சங்கத்து அம்மையார் ஒருவர் எதிரே வந்தார். “என்னங்க, ஆளையே காணோம்? உடம்பு முடியலையா?” என்றார். அன்னையார் எங்களைத் திரும்பியும் பாராமல், “வண்டி கொஞ்சம் ரிப்பேரு” என்றார்.

அவர் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆயினும் இங்கே நாங்களே எழுதிவிட்டோம். இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் பலர் எங்களைப் போலவே பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து, மொழி தெரியாத நகரங்களில் உடன் வைத்திருப்பவர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் வழக்கமாகச் செய்துவந்த ஒன்றை அண்மையில் நிறுத்தியிருந்தால், வயது என்று எண்ணி அமைதி கொள்ளுமுன், அவர் வழியில் இருக்கும் கதவுகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அது காரின் கதவாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. குளியலறைத் தாழாக இருக்கலாம். மின்தூக்கியின் பொத்தானாக இருக்கலாம். மாடிப்படியில் எரியாத விளக்காக இருக்கலாம்.

பழைய வண்டிகளைப் பற்றிய விதியைத் தளர்த்தும் ஆணைகளை 2025-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது. எங்கள் வண்டியின் ஆயுள் அதனால் நீண்டாலும் நீளாவிட்டாலும் ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டோம். மழைக்காலம் முடிந்து கார்த்திகை பிறக்குமுன் ஒரு ஞாயிறு காலை நான்கு கதவுகளின் கொக்கிகளையும் துலக்கி, ஆளுக்கொரு துளி கிரீஸ் இடுகிறோம். இடப்பக்கக் கதவிலிருந்து தொடங்குவது மரபு. வேப்பமரத்தடி நாற்காலியில் மேற்பார்வையாளர் அமர்ந்திருக்கிறார். சோதிக்காமல் சாத்த அவர் விடுவதில்லை.